தோள்வலியும் அறமும்

மனிதன் வியந்து போற்றிய பொருள்களுள் வலிமை முதன்மையானது. எழுத்தறியாக் காலத்தில் வலியோனைப் பற்றிக் கதை சொன்னான். எழுத்தறிந்த பின் காவியம் செய்தான். கல்லிலும் வெண்கலத்திலும் வடித்தான். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் திரையில் நடமாட விட்டான். தந்தையின் தோளில் குழந்தை ஏறி அமரும் நாளிலேயே இவ்வியப்புத் தொடங்கிவிடுகிறது எனலாம்.

எனினும், வியப்பு வேறு, மதிப்பு வேறு. புயலுக்கு வலிமை உண்டு, பெருவெள்ளத்துக்கும் உண்டு. அவற்றைக் கண்டு வியப்பார் உளர்; அவற்றை நல்லவை என்று போற்றுவார் இலர். அங்ஙனமாயின், ஒரு மனிதனின் தோள்வலியை மட்டும் நன்மை என்று போற்றுவதற்கு அடிப்படை யாது? வலிமை தன்னளவிலேயே ஒரு நற்பண்பா? அன்றிப் பிறிதொன்றைச் சார்ந்து நிற்கும்போதுதான் அது நற்பண்பாகிறதா?

இவ்வினாவுக்குரிய விடையைத் தத்துவ நூல்களில் தேடுவதே வழக்கம். ஆனால், கற்றோர் பலர் நெடுங்காலம் ஏளனமாகப் புறந்தள்ளிய ஓரிடத்திலும் இவ்வினா உயிரோடு உலவியது. 1958ஆம் ஆண்டில் பெருகத் தொடங்கி 1965ஆம் ஆண்டளவில் ஓய்ந்த இத்தாலியப் பண்டைக்கால வீரப் படங்களே அவ்விடம்.

ஏழாண்டுப் பெருவெள்ளம்

1958இல் பியெத்ரோ பிரான்சிஷி என்னும் இத்தாலிய இயக்குநரின் 'ஹெர்குலிஸின் அரும்பணிகள்' என்னும் படம் வெளிவந்தது. கதைத்தலைவனாக நடித்தவர் ஸ்டீவ் ரீவ்ஸ். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1926இல் பிறந்த இவர், 1947இல் அமெரிக்க ஆணழகனாகவும் 1950இல் உலக ஆணழகனாகவும் தேர்வு பெற்றவர். இத்தாலியில் படம் பெருவெற்றி கண்டது. ஜோசப் லெவின் என்னும் அமெரிக்க வணிகர் அதன் உரிமையைச் சிறுதொகைக்கு வாங்கினார். அதனினும் பன்மடங்கு பணத்தை விளம்பரத்தில் கொட்டினார். 1959இல் நூற்றுக்கணக்கான அரங்குகளில் ஒரே வேளையில் திரையிட்டார். அங்கும் மக்கள் திரண்டனர். அவ்வெற்றியைக் கண்ட இத்தாலியப் படப்பிடிப்பு நிலையங்கள், அடுத்த சில ஆண்டுகளில் இத்தகைய படங்களை நூற்றுக்கு மேல் எடுத்துக் குவித்தன. பண்டைக் கிரேக்க மகளிர் அணிந்த ஆடை ஒன்றின் பெயரைக் கொண்டு, பிரெஞ்சுத் திறனாய்வாளர் இவற்றைப் 'பெப்ளம்' படங்கள் என்று அழைத்தனர்.

ஹெர்குலிஸ், மாச்சிஸ்தே, உர்சுஸ், சாம்சன், கோலியாத் எனப் பெயர்கள் மாறின, கதை மாறவில்லை. ஒரு நாட்டில் கொடுங்கோலன் ஒருவன் ஆள்கிறான். அல்லது கொடிய அரசி ஒருத்தி ஆள்கிறாள். மக்கள் சுரங்கங்களிலும் கல்லுடைக்கும் களங்களிலும் வாடுகின்றனர். எங்கிருந்தோ ஒரு வலியோன் வருகிறான். சங்கிலியை அறுக்கிறான், பாறையைத் தூக்கி எறிகிறான், தூண்களைச் சாய்க்கிறான். கொடுங்கோன்மை வீழ்கிறது.

அவன் எவ்வாறு அங்கு வந்தான் என்பதற்குப் பல படங்களில் காரணம் கூறப்படுவதுகூட இல்லை. ரிக்கார்தோ ஃப்ரேதா 1962இல் இயக்கிய 'நரகத்தில் மாச்சிஸ்தே' என்னும் படத்தின் களம் பதினேழாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து. குளிர்நாடான அவ்விடத்துக்கு, இடையில் கட்டிய துணி ஒன்றோடு, குதிரையேறி வந்து சேர்கிறான் மாச்சிஸ்தே. துன்பம் உள்ள இடத்துக்கு வலியோன் வருவான். அவன் வருகைக்கு வேறு காரணம் வேண்டியதில்லை. இதுவே இப்படங்களின் இலக்கணம்.

கலைக்குறைகள் இவற்றில் மிகுதி. வலியோன் தூக்கி எறியும் பாறை காகிதக் கூழால் ஆனது என்பதைச் சிறுவரும் அறிவர். ரீவ்ஸ் வாயசைக்க, ஒலித்த குரல் பிறருடையது. கல் பொய், குரல் இரவல், உடல் ஒன்றே மெய். அந்த உடலைக் காணவே மக்கள் வந்தனர். எனவே, அந்த உடல் எதற்காகப் பயன்பட்டது என்று வினவுவது பொருத்தமேயாகும்.

கல்லோடு பிணிக்கப்பட்டவன்

இவ்வலியோனின் மூதாதையைக் காண 1914ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். ஜியோவான்னி பஸ்த்ரோனே இயக்கிய 'கபீரியா' என்னும் ஊமைப்படம் அவ்வாண்டில் வெளிவந்தது. திரையில் காட்டப்பெறும் எழுத்துரைகளுக்குக் கவிஞர் கபிரியேலே தன்னுன்சியோவின் பெயர் சூட்டப்பெற்றிருந்தது. உரோமும் கார்த்தேஜும் பொருத காலத்தில் கதை நிகழ்கிறது. எட்னா எரிமலையின் சீற்றத்தால் வீடிழந்த சிறுமி கபீரியாவைக் கடற்கொள்ளையர் கவர்ந்து சென்று கார்த்தேஜில் விற்கின்றனர். மோலோக் என்னும் தெய்வத்தின் தீ வாய்க்கு அவள் பலியாக வேண்டும். உரோமானியன் ஒருவனும் அவனுடைய அடிமையும் அவளை மீட்கின்றனர். அவ்வடிமையின் பெயர்தான் மாச்சிஸ்தே.

சிறுமியைக் காத்ததற்காக அவன் பெற்ற பரிசு யாது? பகைவர் அவனைப் பிடித்து, மாவரைக்கும் பெருங்கல்லோடு சங்கிலியால் பிணிக்கின்றனர். ஆண்டுகள் பல கழிகின்றன. அவன் அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றி நடக்கிறான். யானையை ஒத்த வலிமை உடையவன், எவரோ உண்ணப்போகும் மாவை அரைத்துக்கொண்டிருக்கிறான். தலைவன் மீண்டும் வந்து அவனைக் கண்டபோது, உவகைப் பெருக்கில் அவன் தன் சங்கிலியை அறுக்கிறான். அத்தனை ஆண்டுகள் அறாத சங்கிலி, நட்பின் முகம் கண்டவுடன் அறுகிறது! படத்தின் முடிவில் தலைவனும் கபீரியாவும் கப்பலில் காதலோடு இருக்க, மாச்சிஸ்தே குழலூதிக்கொண்டிருக்கிறான்.

இங்கு வலிமை அடிமையின் உடைமை. அது ஆள்வதற்கு அன்று, காப்பதற்கே பயன்படுகிறது. மாச்சிஸ்தேயாக நடித்த பார்த்தொலோமியோ பகானோ, ஜெனோவாத் துறைமுகத்தில் சுமை தூக்கி வாழ்ந்த தொழிலாளி. அவருடைய தோள்கள் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவை அல்ல; மூட்டை சுமந்து திரண்டவை. ஆகவே, முதல் திரைவலியோனின் கதையும் உழைப்பின் கதையே. அவனாக நடித்தவரின் வாழ்வும் உழைப்பின் வாழ்வே.

நிறம் மாறியது, நெறியும் மாறியது

மக்கள் விரும்பியது கபீரியாவையும் அன்று, அவளைக் காதலித்த உரோமானியனையும் அன்று, அடிமையையே விரும்பினர். எனவே, 1915 முதல் மாச்சிஸ்தேயைத் தலைவனாகக் கொண்ட படங்கள் தொடர்ந்து வெளிவந்தன. ஆனால், அவற்றில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 'கபீரியா'வில் மாச்சிஸ்தே கறுப்பு மேனியனான ஆப்பிரிக்க அடிமை; அதற்காகப் பகானோ உடலில் கருஞ்சாயம் பூசி நடித்தார். அடுத்த படத்திலோ சாயம் மறைந்தது, அடிமை மறைந்தான், மேலாடை, தொப்பி அணிந்த வெள்ளை இத்தாலியன் வந்தான். முதல் உலகப் போரின் இடையே, 1916இல், அவன் மலைப்படை வீரனாகி ஆஸ்திரியரைப் புடைத்தான். காப்பாற்றும் கை, நாட்டின் கையாயிற்று. பின்னர் நாட்டின் பெருமிதமாயிற்று.

1922இல் முசோலினி ஆட்சிக்கு வந்தார். மேலாடையின்றி வயலில் நின்று கதிரடிக்கும் தம் காட்சியைப் படம் பிடிக்கச் செய்து நாடெங்கும் பரப்பினார். விரிந்த மார்பு, முன்னே தள்ளிய தாடை, இடுப்பில் ஊன்றிய கைகள் ஆகியவற்றைத் திரையில் முன்னரே கண்டு பழகியிருந்த மக்கள், அவற்றை மேடையிலும் கண்டனர். மாச்சிஸ்தேதான் முசோலினியை உருவாக்கினான் என்று கூறுவது மிகையாகும். ஒரு சர்வாதிகாரம் எழுவதற்குத் திரைப்படத்தினும் ஆழமான காரணங்கள் உண்டு. ஆயினும், தம் துயரைத் தீர்க்க ஒருவன் வருவான், அவன் உடலே அதற்குச் சான்று என்னும் நம்பிக்கையை இருவருமே பயன்படுத்திக்கொண்டனர் என்பதை மறுத்தற்கில்லை.

அடிமை ஒருவனிடம் பிறந்த திரையுருவம், எட்டாண்டுகளில் அடக்குவோன் ஒருவனுக்கும் பொருந்துவதாயிற்று. உடல் அதே உடல். மார்பு அதே மார்பு. ஆகவே, வலிமையின் தோற்றத்தைக் கொண்டு அதன் அறத்தை அளத்தல் இயலாது என்பது தெளிவாகிறது. அவ்வாறாயின் எதனைக் கொண்டு அளப்பது?

இரு ஹெர்குலிஸ்கள்

கிரேக்கச் சிந்தனையாளர் இச்சிக்கலை நன்கு அறிந்திருந்தனர். ஹெர்குலிஸ் என்னும் ஒரே வீரனை அவர்கள் இருவேறு அறங்களுக்குச் சான்றாகக் காட்டினர் என்பது கருதத்தக்கது.

புரோதிக்கஸ் என்பார் கூறிய கதையைச் செனபோன் தம் நூலில் பதிவு செய்துள்ளார். இளைஞனான ஹெர்குலிஸ் வாழ்வின் வழி பிரியும் இடத்தில் தனித்து அமர்ந்திருக்கிறான். இரு பெண்கள் அவன்முன் தோன்றுகின்றனர். ஒருத்தி இன்ப வாழ்வை எளிய வழியில் தருவதாகக் கூறுகிறாள். மற்றொருத்தி, உழைப்பின்றி நன்மை எதுவும் கைகூடாது என்று உரைத்து, கடினமான நெடுவழியைக் காட்டுகிறாள். முன்னவள் தீமை, பின்னவள் அறம். அவன் அறத்தின் வழியில் செல்ல வேண்டியவன் என்பது கதையின் கருத்து.

பிளேட்டோவின் 'கோர்கியாஸ்' உரையாடலில் இதற்கு நேர்மாறான ஹெர்குலிஸைக் காணலாம். அதில் கல்லிக்ளிஸ் என்பவன், வலியோன் எளியோனைவிட மிகுதியாகப் பெறுவதே இயற்கை நீதி என்று வாதிடுகிறான். அதற்குச் சான்றாக, கெரியோனின் மாடுகளை விலை கொடாமலும் கொடையாகப் பெறாமலும் ஹெர்குலிஸ் ஓட்டிச் சென்றதை எடுத்துக்காட்டுகிறான். வலிமை இருந்தது, ஆகவே எடுத்துக்கொண்டான், அதுவே முறை என்பது அவன் துணிபு.

வழிப்பிரிவில் நின்று சிந்தித்தவனும் ஹெர்குலிஸே. பிறர் மாடுகளை ஓட்டிச் சென்றவனும் ஹெர்குலிஸே. தோள் ஒன்று; தத்துவம் இரண்டு. ஆதலின், வலிமை தன்னளவில் நல்லதும் அன்று, தீயதும் அன்று. அது ஒரு வினாவாக நிற்கிறது. அதனை உடையவன் தன் செயலால் அதற்கு விடை கூறுகிறான்.

வலி என்னும் சொல்

தமிழில் 'வலி' என்னும் சொல் ஆற்றலையும் குறிக்கும், நோவையும் குறிக்கும். ஒரே சொல்லுக்கு இவ்விரு பொருளும் அமைந்தமை எண்ணத்தக்கது. பிறர் நோவை அறியாத ஆற்றல் முரடாகும். தன் நோவையே அறியாத ஆற்றலோ பேதைமையாகும்.

ஹெர்குலிஸின் பழங்கதை இதனையே காட்டுகிறது. பித்துப் பிடித்த நிலையில் அவன் தன் பிள்ளைகளைத் தானே கொன்றான். மனைவியையும் கொன்றான் என்று சில நூல்கள் கூறுகின்றன. அப்பழியைத் தீர்க்கும் பொருட்டே பன்னிரு அரும்பணிகளையும் ஏற்றான் என்பது பரவலாக வழங்கும் வரலாறு. உலகம் வியந்த அவனுடைய அருஞ்செயல்கள், அவன் தன் கையால் செய்த கொடுமைக்குச் செய்த கழுவாய். வலிமையின் வரலாற்றுக்கு அடியில் வலியின் வரலாறு கிடக்கிறது.

பிரான்சிஷியின் 1958ஆம் ஆண்டுப் படம் அக்கொலையைக் காட்டவில்லை. ஆயினும், அதன் நிழலை விடவில்லை. தன் பொறுப்பில் இருந்த அரசிளங்குமரன் சிங்கத்தால் மாண்டபின், ஹெர்குலிஸ் தன் அழியாத் தன்மையைத் துறக்க வேண்டுகிறான். மனிதரைப்போல் அன்பு செய்யவும் குடும்பமாய் வாழவும் அவன் விரும்புகிறான். மழை அவன்மேல் பொழிகிறது. சாகாதவன் சாகக்கூடியவனாகிறான். அதன்பின் அவன் தூக்கும் சுமை ஒவ்வொன்றும் உண்மையிலேயே சுமையாகிறது. அழிவில்லாதவன் பிறரைக் காப்பதில் துணிவு ஏது? இழக்கக்கூடியவன் காத்தால்தான் அது துணிவு. அதுவே ஈகையும் ஆகும்.

1959இல் வெளிவந்த அடுத்த படத்தில் வேறொரு கருத்து விளங்குகிறது. ஹெர்குலிஸ் மறதி தரும் ஊற்றின் நீரைப் பருகிவிடுகிறான். லிடியாவின் அரசி ஓம்பலே அவனைத் தன் அரண்மனையில் சிறைவைக்கிறாள். சங்கிலி இல்லை, காவல் கடுமையும் இல்லை, இன்பமே சிறையாகிறது. அவனுடைய தசைநார் ஒன்றும் தளரவில்லை. ஆயினும் அவன் எதற்கும் பயன்படாமல் கிடக்கிறான். அவனைக் காத்து நிற்கும் கடமையையும், அவனுக்காகக் காத்திருக்கும் மனைவியையும் மறந்துவிட்டான் அல்லவா? இளம் யுலிசிஸ், அவனுக்கு அவனையே நினைவூட்டி மீட்கிறான். மெலிந்த இளைஞன் ஒருவனின் அறிவு, உலகின் பெருவலியோனுக்குத் துணையாகிறது. நினைவற்ற வலிமை, உடையவனுக்கும் உதவாது என்பதை இக்காட்சி எளிய முறையில் உணர்த்துகிறது.

அச்சில் வார்த்த வலிமை

இவ்வகைப் படங்களுள் கருத்தாழம் மிக்கது, விட்டோரியோ கொத்தாஃபாவி 1961இல் இயக்கிய 'அட்லாண்டிஸை வென்ற ஹெர்குலிஸ்' எனலாம். ரெக் பார்க் என்னும் ஆங்கிலேய ஆணழகர் அதில் தலைவனாக நடித்தார். இப்படத்தின் ஹெர்குலிஸ் போரை விரும்பாதவன். மனைவி மக்களோடு வீட்டில் இருக்கவே நினைக்கிறான். வாய்ப்புக் கிடைத்த இடத்திலெல்லாம் படுத்து உறங்குகிறான். பிறர்தாம் அவனைப் பயணத்துக்கு இழுத்துச் செல்கின்றனர்.

அட்லாண்டிஸ் நாட்டின் அரசி அன்டினேயாவோ வலிமையை ஓயாது வேட்கையுறுபவள். யுரேனஸ் தெய்வத்தின் குருதியால் தோன்றிய கல் ஒன்று அவளிடம் உள்ளது. அதன் ஆற்றலுக்கு ஆட்படுத்தப்படும் சிறுவர் சிலர் வெல்லற்கரிய வீரராகின்றனர். ஏனையோர் உருச் சிதைந்து பள்ளத்தில் தள்ளப்படுகின்றனர். அவ்வீரர் அனைவருக்கும் பொன்னிற முடி, ஒரே முகச்சாயல். ஒரு தலைமுறைக்கு முன்னர்தான் ஐரோப்பா, 'தூய இனம்' என்னும் கொள்கையின் பெயரால் பல இலட்சம் உயிர்களைப் பலி கொடுத்திருந்தது. அணுவாற்றலின் அச்சமும் அந்நாளில் உலகைச் சூழ்ந்திருந்தது. எனவே, அந்தக் கல் எதனைக் குறிக்கிறது, அந்த வீரர் எவரைக் குறிக்கின்றனர் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இங்கு இருவகை வலிமை எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று உறக்கத்தை விரும்பும் வலிமை. மற்றொன்று உறக்கமே அறியாத வலிமை. ஒன்று மெலிந்தோரைச் சுமக்கிறது. மற்றொன்று மெலிந்தோரைப் பள்ளத்தில் எறிகிறது. வலியோர் சிலரை ஆக்கும்பொருட்டு மெலியோர் பலரை அழிக்கும் எந்த ஏற்பாடும் வலிமையின் பெயரைப் பெறத் தகுதியற்றது. அது அச்சத்தின் மறுபெயரேயாகும். மெலிவைக் கண்டு அஞ்சுகிறவன்தான் மெலிந்தாரை ஒழிக்க முற்படுகிறான்.

அரியணையை மறுத்தவன்

இப்படங்கள் வலிமையை அளக்கும் அளவுகோல் ஒன்றைத் தம்மையறியாமலே தந்துள்ளன. அது பாறையைத் தூக்கும் காட்சியில் இல்லை. படத்தின் இறுதிக் காட்சியில் உள்ளது. மாச்சிஸ்தே படங்கள் பலவற்றில், கொடுங்கோலன் வீழ்ந்தபின் மக்கள் வலியோனைச் சூழ்கின்றனர். தங்களோடு தங்குமாறு வேண்டுகின்றனர். சில வேளை அன்பு கொண்ட பெண்ணொருத்தியும் வேண்டுகிறாள். அவனோ, உதவி தேவைப்படுவோர் வேறிடங்களிலும் உள்ளனர் என்று கூறி விடைபெறுகிறான். அரியணையில் அமரும் உரிமை அவனுக்கு எளிதில் கிட்டியிருக்கும். அதனைத் தடுக்கவல்லார் அந்நாட்டில் எவரும் இலர். ஆயினும் அவன் அமரவில்லை.

சர்வாதிகாரிக்கும் அவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும். சர்வாதிகாரியும் தொடக்கத்தில் மக்களைக் காப்பதாகவே கூறுகிறான். அவர்களுடைய பசியையும் அச்சத்தையும் சுட்டிக்காட்டியே எழுகிறான். ஆனால், பணி முடிந்ததென்று அவன் ஒருநாளும் கூறுவதில்லை. புதிய பகைவரைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறான். பகைவர் தீர்ந்துபோனால் அவன் தேவையும் தீர்ந்துபோகும் அன்றோ? வந்த வழியே திரும்பிச் செல்லும் மனம் எவனிடம் இல்லையோ, அவனுடைய வருகையே ஐயத்துக்குரியது.

காத்திருக்கும் மக்கள்

இத்துடன் முடிவு கூறிவிடலாம் என்று தோன்றும். ஆனால், எளிதில் தள்ளிவிட இயலாத ஒரு மறுப்பு எஞ்சியுள்ளது. வலியோன் நல்லவனாகவே இருக்கட்டும்; அவன் அரியணையை மறுக்கவும் செய்யட்டும். அவன் சென்றபின் அந்த மக்களின் நிலை என்ன?

படங்கள் இதற்குத் தரும் விடை மனநிறைவு தருவதாக இல்லை. கொடுங்கோலன் நீங்குகிறான், உரிமையுள்ள இளவரசன் முடி சூடுகிறான். 1958ஆம் ஆண்டுப் படத்திலும் பெலியாஸ் வீழ, ஜேசன் அரியணை பெறுகிறான். ஆள் மாறுகிறான், அரியணை மாறுவதில்லை. மக்கள் ஆரவாரம் செய்கின்றனர். நேற்றுக் கல்லுடைத்தவர் நாளை எங்குச் செல்வர் என்பதைப் படம் கூறுவதில்லை. மறுபடியும் ஒரு கொடியவன் தோன்றினால் அவர்கள் யாது செய்வர்? மறுபடியும் காத்திருப்பர். காத்திருத்தல் ஒன்றைத்தான் அவர்கள் கற்றிருக்கின்றனர்.

இத்தாலியின் மெய்வரலாறு இதற்கு நேர்மாறாக நிகழ்ந்தது. முசோலினியை ஆட்சியில் அமர்த்திய அரச மரபு, அவருடைய வீழ்ச்சிக்குப் பின்னும் நீடித்திருந்தது. நேச நாட்டுப் படைகள் முன்னேறி வந்தன. 1943 முதல் 1945 வரை இத்தாலிய ஆடவரும் பெண்டிரும் தாமே திரண்டு போரிட்டனர். பலர் உயிர் நீத்தனர். அதன்பின் 1946 ஜூன் 2ஆம் நாள், மன்னராட்சி வேண்டுமா, குடியரசு வேண்டுமா என்று மக்களிடமே கேட்கப்பட்டது. பெண்கள் நாடு தழுவிய வாக்கெடுப்பில் முதன்முறையாகப் பங்கு கொண்டனர். குடியரசுக்கு ஏறத்தாழ 1 கோடியே 27 இலட்சம் வாக்குகளும், மன்னராட்சிக்கு ஏறத்தாழ 1 கோடியே 7 இலட்சம் வாக்குகளும் கிடைத்தன. அரியணை அகன்றது. அதனை அகற்ற எவரும் தூண்களைச் சாய்க்கவில்லை. தாளில் ஓர் அடையாளம் இடுவதற்கு வேண்டிய வலிமை, எளிய கிழவி ஒருத்தியின் விரல்களிலும் இருந்தது.

அங்ஙனம் தம் அரியணையைத் தாமே அகற்றிய மக்கள், பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் இருண்ட அரங்குகளில் அமர்ந்து, தமக்காக ஒருவன் தூண்களைச் சாய்ப்பதை ஏன் கண்டு மகிழ்ந்தனர்? ரிச்சர்ட் டையர் என்னும் ஆய்வாளர் 1997இல் வெளியிட்ட நூலில் இதற்கொரு விளக்கம் காணப்படுகிறது. அக்காலத்தில் இத்தாலி விரைந்து தொழில்மயமாகிக்கொண்டிருந்தது. தென்னகத்து உழவர் வடபுலத்துத் தொழிற்சாலைகளை நோக்கிப் பெயர்ந்தனர். மண்ணைக் கொத்தியும் கல்லைச் சுமந்தும் உடலால் வாழ்ந்தவரின் வலிமைக்கு, எந்திரத்தின்முன் மதிப்பில்லாமற் போயிற்று. அவர்களுக்குத் திரை அவர்களுடைய தோளின் பெருமையை மீட்டுத் தந்தது.

இவ்விளக்கம் அம்மக்கள்மீது இரக்கம் கொள்ளச் செய்கிறது. அவர்கள் ஏமாளிகள் அல்லர். காகிதக் கூழ்ப் பாறை என்று அறிந்தே கைதட்டினர். தம் உழைப்பு மதிக்கப்பட வேண்டும் என்னும் நியாயமான ஏக்கமே அக்கைதட்டலில் ஒலித்தது. ஆனால், ஏக்கம் நியாயமானது என்பதனால் அது நாடிய ஆறுதலும் போதுமானது என்றாகிவிடாது. தொழிற்சாலையில் குறைந்த கூலிக்கு உழைப்பவனின் துயரம் ஒரு தூணில் இல்லை. அதனைச் சாய்க்க ஒரு தோள் போதாது. பல தோள்கள் சேர வேண்டும். சட்டமும் சங்கமும் கல்வியும் வேண்டும். ஆண்டுக்கணக்கான பொறுமையும் வேண்டும். இவை திரைக்கு ஏற்ற காட்சிகள் அல்ல. ஆகவே அவற்றைத் திரை காட்டவில்லை. காட்டாததனால் அவை இல்லை என்று எண்ணுவதே தவறு.

தோள் தரும் பாடம்

வலிமை அறமாகுமா என்னும் வினாவுக்கு இனி விடை கூறலாம். வலிமை தானே அறமாகாது. பிறர் நோவை அறிந்து, தன் பழியை மறவாது, மெலிந்தாரைச் சுமந்து, பணி முடிந்ததும் விலகிக்கொள்ளும்போது அது அறத்தின் கருவியாகிறது. அந்நிலையிலும் அதற்கு ஒரு குறை உண்டு. காக்கப்பட்டவர் தம் காலில் நிற்கக் கற்கும்வரை அதன் பணி முற்றுப்பெறுவதில்லை. பிறரைத் தன் தோளில் என்றென்றும் ஏற்றி வைத்திருப்பவன் அவர்களுக்கு நன்மை செய்தவனாகான். ஏறியவன் இறங்கி நடக்கும் நாளுக்காகவே சுமக்கிறவன் சுமக்க வேண்டும். நல்ல தந்தையும் நல்ல ஆசிரியரும் இதனை அறிவர்.

ஸ்டீவ் ரீவ்ஸின் பிற்கால வாழ்வு இங்கு நினைக்கத்தக்கது. 1959இல் வெளிவந்த 'பொம்பெயின் இறுதி நாட்கள்' படத்தின் படப்பிடிப்பில், அவர் ஓட்டிய தேர் மரத்தில் மோதியதில் தோள் மூட்டு விலகியது. உலகம் வியந்த அத்தோள் அதன்பின் பழைய நிலைக்கு மீளவில்லை. 1968இல் கடைசிப் படத்தை முடித்துக்கொண்டு, கலிபோர்னியாவில் குதிரைகளை வளர்த்து அமைதியாக வாழ்ந்தார். 2000ஆம் ஆண்டில் மறைந்தார். துறைமுகத் தொழிலாளி பகானோ அதற்கு முன்னரே, 1947இல், மறைந்துவிட்டார். தோள்கள் தளரும், திரைச்சுருள்களும் மங்கும். வலிமை எவருக்கும் சொந்தமன்று. சில காலம் கையில் தரப்பெற்ற பொருளே அது.

அப்படங்களைக் கண்டு வளர்ந்த சிறுவர் தம் வீட்டு முற்றத்தில் கல்லைத் தூக்கிப் பார்த்திருப்பர். அக்கல் காகிதக் கூழால் ஆனதன்று, ஆதலின் எழும்பியிராது. மற்றொரு சிறுவனைத் துணைக்கு அழைத்து, இருவரும் சேர்ந்து அதனை அசைத்திருந்தால், திரை சொல்லத் தவறிய பாடத்தை அவர்கள் அன்றே கற்றிருப்பர்.